மொத்தச் சந்தையில் பூவின் விலை வாராவாரம் மாறுவது ஏன்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். சிறிய அளவில் நிகழ்ச்சி அலங்காரம் செய்யத் தொடங்கியிருக்கிறீர்கள். அடுத்த ஆண்டு மே மாதம், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமையில் நடக்கும் ஒரு திருமணத்துக்கு 300 சிவப்பு ரோஜாவும் 100 பியோனியும் கேட்டிருக்கிறார்கள், அதற்கான விலையை இப்போதே எழுதித் தர வேண்டும். மொத்த வியாபாரியிடம் கேட்டால் "அந்த வாரம் வரட்டும், பார்க்கலாம்" என்கிறார். அதே ரோஜாவுக்குச் சென்ற பிப்ரவரியில் ஒரு விலை, மார்ச்சில் வேறு விலை சொல்லியிருக்கிறார். எந்த மாதம் எந்தப் பூ மலிவு என்று ஓர் அட்டவணை கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்கு அடியில் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. அவர் சொல்லும் ஏற்ற இறக்கம் உண்மையிலேயே பருவத்தால் வருவதா, அல்லது உங்கள் அவசரத்தைப் பார்த்து ஏற்றுவதா என்பது ஒன்று. எட்டு மாதத்துக்கு முன்பே ஒரு விலையைத் துணிந்து சொல்ல வழி உண்டா என்பது மற்றொன்று. தோட்டக்கலை படித்துவிட்டுக் கொய்மலர் கொள்முதலில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், நிச்சயமாகத் தெரிந்ததை நிச்சயமாகவும், ஊகத்தை ஊகம் என்றும் பிரித்துச் சொல்ல முயல்கிறேன்.

ஒரு நாளில் சந்தைக்கு வரும் பூவின் அளவு அன்று காலையில் தீர்மானிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு பூவுக்கும் ஏற்ப, பல வாரங்களுக்கு முன்போ பல மாதங்களுக்கு முன்போ, சில பூக்களில் மூன்று ஆண்டுகளுக்கு முன்போகூட, ஒரு விவசாயி எடுத்த முடிவால் அது தீர்மானமாகிவிடுகிறது. வெட்டிய பூவை அரிசி போலக் கிடங்கில் வைத்துக்கொண்டு நல்ல விலைக்குக் காத்திருக்கவும் முடியாது. ஆகவே வரத்து இறுகிப்போன ஒன்று, அதன்மேல் கிராக்கி கொஞ்சம் ஏறினாலும் விலை அதிகமாக ஏறும், கிராக்கி கொஞ்சம் சரிந்தாலும் விலை தரைதட்டும். நெதர்லாந்தின் ஆல்ஸ்மீர் ஏலக்கூடத்தின் முறையைப் பார்த்தால் இது கண்ணெதிரே தெரியும். அங்கே விலை மேலிருந்து கீழே இறங்குகிறது, கடிகார முள் போன்ற ஒரு குறி உயர்ந்த விலையிலிருந்து சரிந்துகொண்டே வர, முதலில் பொத்தானை அழுத்தி நிறுத்துபவருக்கு அந்தச் சரக்கு. ஒரு விற்பனை சில நொடிகளில் முடிந்துவிடும். இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று பொறுத்தவருக்கு அந்தப் பூ கிடைக்காமலே போகலாம். முன்னர் அரங்கில் வரிசையாக அமர்ந்து வாங்கினார்கள், இப்போது வாங்குபவர்கள் பெரும்பாலும் தம் கணினியிலிருந்தே அழுத்துகிறார்கள். அந்த ஏலக்கூடத்தை நடத்தும் கூட்டுறவின் வணிகத்தில் பாதிக்கும் மேற்பட்டது இன்று ஏலத்துக்கு வெளியே நேரடி ஒப்பந்தமாக நடந்தாலும், ஒப்பந்த விலை பேசுபவர்களும் அந்த முள் எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள்.

இனி ரோஜாவுக்கு வருகிறேன். ரோஜா ஆண்டு முழுவதும் பூக்கும், பசுமைக்குடிலிலும் நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள மேட்டுநிலங்களிலும் அதற்குப் பருவம் என்று தனியாக ஒன்று இல்லை என்றே சொல்லலாம். பகல் பொழுது ஏறக்குறைய 12 மணி நேரமாகவே இருக்கும் கென்யாவின் நைவாஷா ஏரிப் பகுதியும், எக்குவடோரின் ஏறத்தாழ 2,800 மீட்டர் உயரப் பண்ணைகளும், கொலம்பியாவின் பொகோட்டா சமவெளியும் இதனால்தான் கொய்மலருக்குப் பெயர் பெற்றன. அப்படியிருந்தும் ரோஜாவின் விலை பிப்ரவரியில் ஏறுகிறதென்றால், அந்த ஏற்றத்தை உண்டாக்குவது நாட்காட்டி. பிப்ரவரி 14 காதலர் தினம், மார்ச் 8 மகளிர் தினம், ஈஸ்டருக்கு மூன்று வாரம் முன்னதாக வரும் பிரிட்டனின் அன்னையர் ஞாயிறு, மே இரண்டாம் ஞாயிறன்று பல நாடுகள் கொண்டாடும் அன்னையர் தினம் ஆகியவைதான் ரோஜாவின் உண்மையான பருவங்கள். பிரிட்டனின் அன்னையர் ஞாயிறு மார்ச் 1-க்கும் ஏப்ரல் 4-க்கும் இடையில் நகர்ந்துகொண்டே இருப்பதால், அது மார்ச் 8-ஐ ஒட்டி வரும் ஆண்டில் இரண்டு கிராக்கியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து விலை அதிகமாக ஏறும், தள்ளி வரும் ஆண்டில் இரண்டு சிறு மேடுகளாகப் பிரிந்துவிடும். சென்ற ஆண்டு மார்ச் விலையைப் பார்த்து இந்த ஆண்டுக்குக் கணக்குப் போடுபவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

விவசாயி இந்த நாட்களுக்காகச் செடியை எப்படித் தயார் செய்கிறார் என்பது உங்கள் மே மாதக் கணக்குக்கு நேராகத் தொடர்புடையது. ரோஜாவின் தண்டை ஒரு குறிப்பிட்ட கணுவுக்கு மேல் கிள்ளிவிட்டால், அங்கிருந்து புதுத் துளிர் கிளம்பி மொட்டாகி வெட்டும் நிலைக்கு வர வெப்பமான இடத்தில் ஏறக்குறைய ஏழெட்டு வாரமும், எக்குவடோர் போன்ற குளிர்ந்த உயரத்தில் பன்னிரண்டு வாரத்தை ஒட்டியும் ஆகும். அந்த மெதுவான வளர்ச்சியால்தான் எக்குவடோர் ரோஜாவின் தண்டு நீளமாகவும் மொட்டு பெரிதாகவும் இருக்கிறது. காதலர் தினத்துக்கான மொட்டு ஜனவரி கடைசி வாரத்திலும் பிப்ரவரி முதல் வாரத்திலும் வெட்டப்பட வேண்டும், எனவே அந்த உயரத்தில் நவம்பர் முதல் பாதியிலேயே கிள்ளிவிடுகிறார்கள். கிள்ளிய செடி இடைப்பட்ட காலத்தில் பூக்காது. ஆகவே டிசம்பர் பின்பாதியிலும் ஜனவரியிலும் சிவப்பு ரோஜா வரத்து செயற்கையாகவே மெலிந்துவிடுகிறது, கிராக்கி பெரிதாக இல்லாத ஜனவரி நடுவில்கூட விலை இறங்க மறுப்பதற்கு இது ஒரு காரணம். இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள்: பிப்ரவரி முதல் வாரத்தில் வெட்டிய அதே தண்டிலிருந்து பன்னிரண்டு வாரம் எண்ணினால் ஏப்ரல் கடைசி வருகிறது. காதலர் தின அறுவடையே அன்னையர் தினப் பயிருக்கான கவாத்தாக அமைந்துவிடுகிறது! இரண்டு பண்டிகைகளும் ஏறத்தாழ ஒரு ரோஜாச் சுற்று இடைவெளியில் அமைந்திருப்பது இந்தத் தொழிலுக்கு வாய்த்த பெரும் வசதி. அதனால் மே மாதத்தில் ரோஜா வரத்து நன்றாகவே இருக்கும், விலை ஏறினாலும் பிப்ரவரி அளவுக்கு ஏறுவதை நான் பார்த்ததில்லை. தவிர, அன்னையர் தினத்தில் கிராக்கி சிவப்பு ரோஜாவின் மேல் மட்டும் குவியாமல் இளஞ்சிவப்பு, வெளிர்நிறங்கள், கார்னேஷன், லில்லி என்று பரவிவிடுகிறது. உங்கள் வாடிக்கையாளர் சிவப்பு கேட்டிருப்பது உங்களுக்குச் சாதகம்தான்.

பியோனியின் நிலை இதற்கு நேர்மாறு. அது குளிர்காலத்தைக் கடந்தாக வேண்டிய கிழங்குச் செடி, போதிய குளிர் படாவிட்டால் மொட்டே சரியாகக் கிளம்பாது. நட்டபின் விற்பனைக்கு வெட்ட ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் பொறுக்க வேண்டும். ஒரு தோட்டத்தில் அறுவடை சில வாரங்களிலேயே முடிந்துவிடும். வட அரைக்கோளத்தில் வெப்பமான பகுதிகளில் ஏப்ரலில் தொடங்கி, நெதர்லாந்தில் மே, ஜூன் மாதங்களில் உச்சத்தைத் தொட்டு, அலாஸ்காவில் ஜூலை, ஆகஸ்ட் வரை இழுத்துக்கொண்டு போகிறது. பிறகு சிலி, நியூசிலாந்து போன்ற தென் அரைக்கோள நாடுகள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தருகின்றன. ஆகவே மே இரண்டாம் வாரம் என்பது பியோனி கிடைக்கும் காலம்தான், ஆனால் மலியும் காலம் அதற்கு இரண்டு மூன்று வாரம் தள்ளி. இங்கே வானிலை எல்லாக் கணக்கையும் புரட்டிப்போடும். ஒருமுறை ஜூன் கடைசி வாரத்து நிகழ்ச்சிக்காகப் பியோனி சொல்லி வைத்திருந்தேன், அந்த ஆண்டு திடீரென்று அடித்த வெயிலில் தோட்டம் முழுவதும் பத்து நாள் முந்திப் பூத்துவிட்டது. எனக்கு வேண்டிய வாரத்தில் வந்து சேர்ந்த பெட்டியைத் திறந்தால், விரலால் அழுத்தும்போது பஞ்சு உருண்டை போல மெத்தென்று அமுங்க வேண்டிய மொட்டுகளில் பாதி முழுக்க விரிந்து இதழ் உதிரத் தொடங்கியிருந்தன, மீதி கோலிக்குண்டு போலக் கெட்டியாக இருந்தன. கெட்டியானது எத்தனை நாள் தண்ணீரில் நின்றாலும் விரியாது. அன்றிலிருந்து பியோனிக்கு மாற்றுப்பூ இன்னதென்று எழுதிக்கொள்ளாமல் நான் ஒப்புக்கொள்வதில்லை.

நீங்கள் அட்டவணையில் கேட்ட மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாமந்தி நீண்ட இரவில்தான் மொட்டுக் கட்டும். பகல் நீளம் பூப்பதைக் கட்டுப்படுத்துகிறது என்று கார்னரும் அல்லார்டும் 1920-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு, கோடையில் கறுப்புத் துணி போர்த்தியும் குளிர்காலத்தில் விளக்குப் போட்டும் ஆண்டு முழுவதும் அதைப் பூக்க வைக்கிறார்கள். எனவே ஐரோப்பாவில் கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நவம்பர் 1-ஐ ஒட்டிய நாட்களைத் தவிர்த்தால், அதன் விலை ஓரளவு நிதானமானது. டியூலிப் கிழங்குக்கு 12 முதல் 16 வாரம் குளிர் கொடுத்தாக வேண்டும். டிசம்பரில் தொடங்கி வசந்தம் வரை மலிவாகக் கிடைக்கும், கோடையில் தேடி அலைய வேண்டியிருக்கும். லில்லிக் கிழங்கைப் பனிநிலைக்குச் சற்றுக் கீழே மாதக்கணக்கில் உறங்க வைத்து, வேண்டும்போது நட முடியும் என்பதால் அது ஆண்டு முழுவதும் வருகிறது. கார்னேஷன் குளிரில் நன்றாகத் தாங்கும், கப்பலில்கூட அனுப்புகிறார்கள், அதனால் அதன் விலை அதிகம் துள்ளாது. ஆந்தூரியம் போன்ற வெப்பமண்டலப் பூக்களைப் பிற பூக்களோடு 1 அல்லது 2 டிகிரி குளிரில் வைத்தால் கருகிவிடும், அவற்றுக்கு 12 அல்லது 13 டிகிரி வேண்டும். அவற்றின் விலையைப் பருவத்தைவிடக் கையாளும் செலவே தீர்மானிக்கிறது.

அடுத்து, நீங்கள் தரும் விலைக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். விமானச் சரக்கில் பூவுக்கு எடைக்கட்டணம் உண்மையான எடையில் விழுவதில்லை, பெட்டி அடைக்கும் இடத்தில் விழுகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுத்து வருவதைக் கிலோவாகக் கொள்வது வழக்கம். 100, 30, 30 அளவுள்ள ஒரு பெட்டி 9 கிலோ எடையிருந்தாலும் 15 கிலோவுக்கான கட்டணம்தான். 40 சென்டிமீட்டர் ரோஜாவைவிட 70 சென்டிமீட்டர் ரோஜா ஏன் அவ்வளவு கூடுதல் என்பதற்கும், தலை பெருத்த ஹைட்ரேஞ்சியா ஏன் எப்போதும் விலை அதிகம் என்பதற்கும் பாதி விடை இதிலேயே இருக்கிறது. ஒரு கட்டின் விலையை 100 என்று வைத்துக்கொண்டு, புரிந்துகொள்வதற்காக மட்டும், அதில் 40 பண்ணைக்கு, 30 சரக்குக்கு, 30 குளிர்ப்பதனம், கழிவு, வியாபாரியின் லாபம் எனப் பிரித்துப் பாருங்கள். பண்ணை விலை இரட்டித்தாலும் உங்கள் விலை 140 ஆகத்தான் வேண்டும், 200 ஆக வேண்டியதில்லை. ஆனால் பிப்ரவரியில் சரக்குக் கட்டணமும் சேர்ந்து ஏறுகிறது, ஏனென்றால் தென் அமெரிக்காவுக்குக் கூடுதலாக அனுப்பப்படும் சரக்கு விமானங்கள் போகும்போது பெரும்பாலும் காலியாகப் போக வேண்டும், இரு வழிச் செலவையும் திரும்பி வரும் பூதான் சுமக்கிறது. கழிவுக்கான தொகையையும் வியாபாரி ஏற்றுகிறார், 15-ஆம் தேதி காலையில் மிஞ்சிய சிவப்பு ரோஜாவுக்கு அநேகமாக மதிப்பே இல்லை என்பது அவருக்குத் தெரியும். எனவே உங்கள் வியாபாரி சொன்ன ஏற்றத்தின் பெரும்பகுதிக்கு நியாயமான காரணம் உண்டு. முழுவதுக்கும் உண்டு என்று நான் சான்று தர மாட்டேன். உச்ச வாரத்தில் லாப விகிதத்தையும் சேர்த்து ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அதே நாளில், அதே நீளத்தில், அதே வகைக்கு இன்னொருவரிடம் விலை கேட்பதுதான். நீளமும் வகையும் சொல்லாமல் "ரோஜா என்ன விலை" என்று கேட்டு ஒப்பிடுவதில் பயனில்லை.

விலையைவிட எனக்கு அதிகக் கவலை தருவது உச்ச வாரங்களில் வரும் பூவின் வயது. ரோஜாவை உறைநிலையை ஒட்டிய குளிரில் இரண்டு வாரம் வரை வைக்க முடியும். சிலர் அப்படிச் சேர்த்து வைத்து உச்ச நாளில் வெளியே விடுகிறார்கள். பார்வைக்குப் புதிதுபோலவே இருக்கும், ஆனால் ஜாடியில் நிற்க வேண்டிய நாட்களைக் கிடங்கிலேயே கழித்துவிட்டு வந்த பூ அது. கட்டைக் கையில் எடுத்ததும் எடையைப் பாருங்கள், நீர் இழந்த கட்டு அதன் அளவுக்குப் பொருந்தாமல் லேசாக இருக்கும். மொட்டின் அடிப்பகுதியை, தண்டோடு சேரும் இடத்துக்குச் சற்று மேலே, இரண்டு விரலால் மென்மையாக அழுத்துங்கள், புதியது உறுதியாக எதிர்க்கும், பழையது அமுங்கும். வெளி இதழில் ஊசிமுனை அளவில் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது சாம்பல் பூஞ்சையின் தொடக்கம். பெட்டிக்குள் ஈரம் கோத்துக்கொண்டால் இரண்டு நாளில் இதழ் முழுவதும் பரவும். கீழ் இலைகள் மஞ்சளித்திருந்தாலும் வெட்டுவாய் கறுத்திருந்தாலும் அந்தக் கட்டை விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

முன்கூட்டியே சொல்ல முடியாதவை எவை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஐஸ்லாந்து எரிமலை 2010 ஏப்ரலில் சாம்பல் கக்கி ஐரோப்பிய வான்வழி ஏறத்தாழ ஆறு நாள் முடங்கியபோது, கென்யாவில் வெட்டி அடுக்கிய பூக்களைக் குப்பையில் கொட்டினார்கள். 2020 மார்ச் நடுவில் பெருந்தொற்று முடக்கத்தால் நெதர்லாந்து ஏலத்தில் விலை சரிந்து ஏராளமான பூ அழிக்கப்பட்டது. ஆனால் அதற்கடுத்த ஆண்டில், பயணிகள் விமானம் குறைந்து சரக்கு இடம் சுருங்கியிருந்த நிலையில் கிராக்கி திரும்பியதால், விலை வழக்கத்துக்கு மேல் போயிற்று. 2022-இல் எரிவாயு விலை ஏறியபோது நெதர்லாந்தில் பசுமைக்குடில்காரர்கள் சூடேற்றுவதைக் குறைத்தார்கள். இவற்றில் எதையும் எட்டு மாதம் முன்னதாக யாராலும் கணக்கில் எடுத்திருக்க முடியாது. மெதுவாக வரும் இன்னொரு வகை மாற்றமும் உண்டு. நல்ல விலை வந்த ஆண்டில் எல்லோரும் நட்டு, அது பூக்கும்போது விலை விழுந்து, பிறகு பலர் பிடுங்கிவிட, மீண்டும் தட்டுப்பாடு வருவது. மோர்டெகாய் எசக்கியேல் 1938-இல் விளக்கிய சிலந்திவலைக் கோட்பாடு இதைத்தான் சொல்கிறது. மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டிய பியோனி போன்ற பூவுக்கு அது பொருந்தி வரும் என்பது என் கருத்து. எந்த ஆண்டில் அந்தச் சுற்று திரும்பும் என்று சொல்வது வெறும் ஊகம். காதலர் தினம் வார நடுவில் வந்தால் விற்பனை கூடுதல், வார இறுதியில் வந்தால் குறைவு என்று தொழிலில் எல்லோரும் சொல்கிறார்கள். என் அனுபவமும் பெரும்பாலும் அதை ஒட்டியே இருக்கிறது, ஆனால் அதை நம்பிப் பணம் போட மாட்டேன்.

உங்கள் விலைப்பட்டியலுக்குத் திரும்புவோம். ரோஜாவுக்கு இப்போதே மொத்த வியாபாரியிடம் முன்பதிவு விலை கேளுங்கள், அன்றைய சந்தை விலை வேண்டாம். நீளம் 50 சென்டிமீட்டர், மொட்டு நிலை, ஒரு கட்டில் எத்தனை தண்டு, வியாழன் காலை உங்கள் கையில் சேர வேண்டும் என்பதையெல்லாம் எழுத்தில் கொடுத்துக் கேட்டால், "பார்க்கலாம்" என்ற பதில் பெரும்பாலும் ஓர் எண்ணாக மாறும். அன்னையர் தின வாரத்தின் வெள்ளிக்கிழமை பிற்பகலில் மிஞ்சும் என்ற பயத்தில் விலை இறங்குவது உண்டு, ஆனால் திருமணத்துக்கு வேண்டிய 300-ஐ அந்த நம்பிக்கையில் விடாதீர்கள். அதிகம் வைக்க விரும்பும் உதிரிப் பூக்களை வேண்டுமானால் அப்போது வாங்கலாம். 300 வேண்டுமென்றால் 330 சொல்லுங்கள், அந்த வாரத்தில் குறைபட்ட தண்டுக்கு மாற்று கிடைக்காது. ஆண்டு முழுவதும் வாரம் ஒரு சிறு அளவையாவது ஒரே வியாபாரியிடம் நிலையாக வாங்கி வருவதாக ஒப்பந்தம் செய்துகொண்டால், மந்தமான வாரத்தில் கொஞ்சம் கூடுதல் கொடுப்பீர்கள், உச்ச வாரத்தில் பூ முதலில் உங்களுக்கு வரும். சிறு தொழிலுக்கு அது நல்ல பேரம் என்றே நான் கருதுகிறேன்.

பியோனிக்கு மட்டும் ஒற்றை எண்ணை எழுதாதீர்கள். குறைந்தது இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று ஒரு வரம்பு எழுதுங்கள். அதன் கீழே, அந்த வாரத்தில் தகுந்த மொட்டு கிடைக்காவிட்டால் அதே நிறத்தில் இதழ் அடர்ந்த தோட்ட ரோஜாவோ லிசியாந்தஸோ வைக்கப்படும் என்று ஒரு வரி சேர்த்து வாடிக்கையாளரின் ஒப்புதலை இப்போதே வாங்கிவிடுங்கள். ஏப்ரல் கடைசி வாரத்தில் வியாபாரியை அழைத்து, தோட்டத்தில் வெட்டு தொடங்கிவிட்டதா, வெயில் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். தொடங்கியிருந்தால் 100 மொட்டையும் அன்றே உறுதி செய்துவிடுங்கள். பியோனியைப் பஞ்சுபோல அமுங்கும் நிலையில் வெட்டி, தண்ணீரில் வைக்காமல் உறைநிலையை ஒட்டிய குளிரில் சில வாரம் நிறுத்தி வைக்க முடியும் என்பதால், முந்திப் பூத்த ஆண்டிலும் அந்தத் தேதிக்குள் சொன்னவர்களுக்குப் பூ கிடைத்துவிடுகிறது.